பொதுச்சுவரில் நாலு செங்கல்

திங்கட்கிழமை மதியம் கடையில் ஒருவன் "பை வேணுமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு லோர்னா அக்ராய்டிடம் யாரும் வாய் திறந்து பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, டாட்மர்டன் என்ற சின்ன ஊரின் மேட்டுப்பக்கம் பிராக்கன் தெருவில், மூன்றாம் எண் வீட்டுப் பரணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

பேசவே தேவையில்லாத பிழைப்பாகிவிட்டது. வேலைக்குக் கூப்பிடுவது குறுஞ்செய்தியில். நாள் குறிப்பதும் அதில்தான். இந்த வீட்டுக்காரர்கள் ஓவனும் பிரையனியும் விடிவதற்குள் ரயிலேறி லீட்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வாசல் ஓரம் ஒரு சின்னப் பெட்டி, நாலு எண்களை அழுத்தினால் உள்ளே சாவி. அவர்கள் முகத்தை லோர்னா பார்த்ததே இல்லை. சமையலறை மேசையில் ஒரு சீட்டு மட்டும் இருந்தது: 'டப்பாவில் பிஸ்கட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.'

கூடத்திலும் சமையலறையிலுமாக எட்டு விளக்குகள் பதிக்க வேண்டும். சீலிங்கில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே முகம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார வைக்கிற விளக்குகள். பார்வைக்கு அழகு. ஆனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே பரணில் ஒரு முழ உயரத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு விரித்திருக்கும், குளிர் உள்ளே வராமலிருக்க. அதே பஞ்சு விளக்கின் சூட்டையும் வெளியே விடாது. அதனால் பஞ்சை ஒதுக்கி, குறுக்குக் கட்டை எங்கே ஓடுகிறது, பழைய ஒயர் எங்கே போகிறது என்று பார்த்து, நெருப்பு தாங்கும் விளக்காகப் பார்த்து மாட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மூடி கவிழ்த்து, அதற்குப் பிறகுதான் பஞ்சைத் திரும்பப் பரப்ப வேண்டும். ஒயரைப் பஞ்சுக்கு அடியில் புதைக்கக் கூடாது, கட்டையோடு சேர்த்து அடித்து மேலாகக் கொண்டுபோக வேண்டும்.

இது இரண்டு ஆள் வேலை. பத்தொன்பது வருஷம் லோர்னாவும் அவள் கணவன் கீத்தும் சேர்ந்துதான் செய்தார்கள். கீழே இருப்பவர் சீலிங்கில் சின்னத் துளை போட்டு ஒரு கம்பியை மேலே விட்டு ஆட்டுவார். மேலே இருப்பவர் பஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவி அதைப் பிடிப்பார். "இன்னும் இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது!" என்று வீடு அதிரக் கத்திக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கீத், ஸ்கெக்னஸ் கடற்கரையில் கேரவன் வைத்திருந்த ஒருத்தியோடு போய்விட்டான். புது வேனை எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிட்டுப் போனான். இப்போது லோர்னா தானே கீழே கம்பியைச் சொருகி, தானே ஏணியில் ஏறி, அதைத் தேடிப் பிடித்து, அளந்து, மறுபடி இறங்குகிறாள். ஒரு விளக்குக்கு ஆறு தடவை ஏணி. ஐம்பத்துநாலு வயது முழங்கால்கள் சாயங்காலத்துக்குள் மரத்துப்போகும்.

மூன்றாவது விளக்குக்காகப் பஞ்சை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஆண் குரல் கேட்டது.

"முட்டாளே, அது மூணாவது ஹென்றி! ரெண்டாவது இல்ல!"

லோர்னா திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை கூரை ஆணியில் இடித்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். தெருவில் நாலு வீடுகளும் மாடியில்லாமல் ஒரே நீளக் கூரையின் கீழ் ஒட்டிக் கட்டியவை. வீட்டுக்கு வீடு நடுவே பரணிலும் செங்கல் சுவர் உண்டு. நாலாம் வீட்டுப் பக்கத்துச் சுவரில் நாலு செங்கல்லை யாரோ எப்போதோ பெயர்த்திருந்தார்கள். டிவி ஒயர் கொண்டுபோகவாக இருக்கும். ஒயர் போய்விட்டது, ஓட்டை அப்படியே இருந்தது. அந்த வழியாகத்தான் ரேடியோ சத்தமும் குரலும் வந்துகொண்டிருந்தன. காலை நேரத்து வினாடி வினா. கேள்வி கேட்பவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, பக்கத்து வீட்டுக்காரர் போட்டியாளர்களுக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னார். பாதிக்கு மேல் தப்பு. தப்பென்று தெரிந்ததும் போட்டியாளரைத் திட்டினார்.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் அந்தப் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வேலை பார்த்ததை அவளே கவனிக்கவில்லை. மறுநாள் வேனிலிருந்து ஏணியை இறக்கும்போது மணி பார்த்தாள். நிகழ்ச்சி தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. மேலே போய், செங்கல் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கையே முதலில் எடுத்துக்கொண்டாள்.

"ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது?" என்றது ரேடியோ.

"சிட்னி!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், அதில் சந்தேகமே இல்லாதவராக.

"கான்பெரா," என்றாள் லோர்னா. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ரேடியோ சட்டென்று நின்றது.

"யாரது?" என்றது குரல், மெதுவாக.

லோர்னாவுக்கு வெட்கமாகிவிட்டது. அசையாமல் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. கருகின மரமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. முப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டார்ச்சை ஓட்டைக்குள் நீட்டி அந்தப் பக்கம் அடித்தாள். அங்கேயும் புதுப் பஞ்சு, நடக்க இடமில்லாமல் நெருக்கி விரித்திருந்தது. அதில் வரிசையாக ஆறு இடங்களில் மஞ்சள் நிறம் பழுப்பாகி, நடுவில் காபிக் கறை மாதிரி கறுத்திருந்தது. சுவருக்குப் பக்கத்திலிருந்த கறைக்கு நேராக ஓட்டைக்குள் கையை விட்டாள். தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே சூடு உள்ளங்கையில் அடித்தது.

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. நாலாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். திரைச்சீலை அசைந்தது.

"ஒண்ணும் வேணாம்! போன வாரம்தான் ஒருத்தன் வந்து சன்னல் மாத்தறியா சன்னல் மாத்தறியான்னு உயிரை எடுத்தான்."

"நான் எதுவும் விக்க வரலைங்க. பக்கத்து வீட்ல கரண்ட் வேலை பாக்கறேன். உங்க சீலிங் விளக்கை உடனே அணைங்க. மேல கட்டை கருகுது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. அப்புறம் உள்ள வந்து மூணு மணி நேரம் எந்திரிக்க மாட்டாங்க."

லோர்னா குனிந்து, கதவில் தபால் போடும் இடுக்கைத் திறந்து வாயை வைத்தாள். தெருவில் நாயோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"ஐயா, கான்பெரா சொன்னது நான்தான்."

உள்ளே யாரோ காலைத் தேய்த்து நடந்து வரும் சத்தம். பிறகு சங்கிலி கழலும் சத்தம்.

"நீயா அது?" கதவைத் திறந்த மனிதருக்கு எண்பது வயது இருக்கும். ஒல்லி. சட்டைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். "நான் என் தலைக்குள்ளதான் ஏதோ கழண்டுடுச்சுன்னு நினைச்சேன். நாற்காலியப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டேன், பாவி மக."

அவர் பெயர் ஹெட்லி கிராப்ட்ரீ. லோர்னா அவரைத் தாண்டி நேராக மீட்டர் அலமாரிக்குப் போய் விளக்கு லைனின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். நவம்பர் மாத வெளிச்சம், பகலிலேயே அறை இருண்டது. ஏணியைக் கொண்டுவந்து ஒரு விளக்கைக் கையுறையோடு கழற்றி இறக்கினாள். நெருப்பாகச் சூடேறும் பழைய ஹாலஜன் விளக்கு. சுற்றியிருந்த சீலிங் பலகையின் விளிம்பு தோசைக்கல் ஓரம் மாதிரி கறுத்திருந்தது. ஒயரின் மேலுறை அவள் விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"எத்தனை மணிக்கு விளக்கு போடுவீங்க?"

"காலைல ஆறு மணிக்கு. படுக்கப் போறப்ப அணைப்பேன். வெளிச்சம் இருந்தா ஆள் இருக்கற மாதிரி இருக்கும்ல."

"வாடை தெரியலையா உங்களுக்கு?"

"நாப்பத்தோரு வருஷம் சாயப்பட்டறைல இருந்தேன், கண்ணு. மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. பால் திரிஞ்சா வாயில வச்சாத்தான் தெரியும்." அவர் கருகிய விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வசந்த காலத்துல ரெண்டு பசங்க வந்தானுங்க, இலவசமா பஞ்சு போடறோம்னு. முக்கா மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிட்டானுங்க. நல்லா கதகதன்னு இருந்துச்சு. நான்கூடச் சந்தோஷப்பட்டேன்."

"அதுக்கு முன்னாடி விளக்கைச் சுத்தி இடம் விட்டிருந்திருப்பாங்க. அவனுங்க அதுமேலயே அமுக்கிட்டுப் போயிருக்கானுங்க."

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

லோர்னா உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தாள். "தெரியலைங்க," என்றாள். "இன்னிக்கு அணைச்சாச்சு. அது போதும்."

வியாழக்கிழமை அவருடைய ஆறு விளக்குகளையும் மாற்ற வந்தாள். சூடாகாத புது விளக்குகள், ஆறு மூடிகள், புது ஒயர். பரணுக்கு ஏறப்போனபோது ஹெட்லி ஏணியடியில் நின்றுகொண்டு, "நான் சும்மாதானே நிக்கறேன்? எதையாவது புடிக்கச் சொல்லேன்," என்றார். அவள் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, அவர் கைகளைப் பார்த்துவிட்டு, ஒயர் சுருளை அவரிடம் கொடுத்தாள். அந்தக் கைகளில் இப்போதும் நகக்கண்களில் நீலம் இருந்தது.

"நான் சீலிங் ஓட்டை வழியா கயிறு விடுவேன். ஒயர் நுனியை அதுல கட்டிட்டுச் சொல்லுங்க. நான் இழுப்பேன். நீங்க சிக்கு விழாம விட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"கட்டிட்டேன்!"

"கயிறு உருவிக்கிட்டு வருது!"

"நீ பிடுங்கி எடுக்கற. நான் கட்டினதுல தப்பில்ல."

"மறுபடி கட்டுங்க. மேல டேப் சுத்துங்க."

"இந்தா, இப்ப இழு. மெதுவா. ஏய், மெதுவாம்மா! என்ன அவசரம், பஸ்ஸா போகுது?"

பரணின் இருட்டில், பஞ்சுத் தூசிக்குள், முகமூடிக்கு உள்ளே லோர்னா சிரித்தாள். ஒயர் தடங்கலில்லாமல் அவள் கைக்குள் வந்தது. மறுமுனையில் ஒருவர் பிடித்திருப்பது கைக்குத் தெரிந்தது. ஆறு விளக்கு, மொத்தம் ஏழு தடவைதான் ஏணி ஏறினாள். ஒவ்வொன்றின் மேலும் மூடியைக் கவிழ்த்து, பஞ்சைத் திரும்பப் பரப்பி, கருகிய கட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே மரம் கெட்டியாக இருந்தது, மாற்ற வேண்டியதில்லை.

பிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர் பன்றி இறைச்சி உள்ளே வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைச் சரிபாதியாக வெட்டி வைத்தார். ஆகஸ்டுக்குப் பிறகு, காலில் கட்டு மாற்ற வரும் நர்ஸைத் தவிர அந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

"உனக்கு ஆள் உண்டா வீட்ல?"

"இருந்தார். இப்ப ஸ்கெக்னஸ்ல இருக்கார்."

"ஸ்கெக்னஸ்ஸா! அங்க போயி என்ன பண்றான்? காத்து கன்னத்துல அறையுமே."

"அறையட்டும்," என்றாள் லோர்னா. அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

வேலைக்கான தாள்களை எழுதும்போது ஒன்றை அவள் தவிர்க்க முடியவில்லை. ஆபத்து இருந்ததைக் கண்டால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் விதி. 'உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே சரிசெய்யப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஹெட்லி அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. பொதுச்சுவரில் அந்த ஓட்டை. ஒரு வீட்டுப் பரணில் தீப்பிடித்தால் அந்த நாலு செங்கல் இடம் போதும், பக்கத்து வீட்டுக்கும் ஓடிவிடும். அடைத்தே ஆக வேண்டும். ஓவனுக்கும் பிரையனிக்கும் விஷயத்தைச் செய்தியில் எழுதினாள். 'ஐயோ, ஆமாம், தயவுசெய்து' என்று பதில் வந்தது. ஹெட்லியிடம் வாசலில் நின்று சொன்னாள்.

"அடைச்சா நீ பேசறது கேக்காதே," என்றார்.

"நான் மேல இருக்கப் போறதே இன்னும் ஒரு நாள்தாங்க."

"அதுவும் சரிதான்." கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே நின்றார். "செங்கல்லா வைப்ப?"

"செங்கல், சாந்து. செவ்வாய்க்கிழமை வரேன். அன்னிக்குத் தட்டறேன்."

செவ்வாய்க்கிழமை தட்டினாள். யாரும் திறக்கவில்லை. தபால் இடுக்கு வழியாகக் கூப்பிட்டாள். நாயோடு போகும் அதே பெண் வேலியருகே நின்று, "அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை லங்காஸ்டரிலிருந்து அவருடைய அண்ணன் மகள் வந்திருக்கிறாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்திருக்கிறாள். அழுதிருக்கிறாள். இனி தனியாக விட முடியாது என்று அன்றைக்கே இரண்டு பெட்டிகளைக் கட்டி, காரில் ஏற்றிவிட்டாள்.

"அவருக்கு இஷ்டமா?" என்று கேட்டாள் லோர்னா.

"கார்ல ஏறுறதுக்கு முன்னால வாசல் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்தாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

லோர்னா மூன்றாம் வீட்டுப் பரணுக்கு ஏறினாள். சாந்தைக் குழைத்தாள். தன் கையெழுத்துத்தான் அந்த மனிதரைக் கிளப்பிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுதாமல் இருந்திருக்கலாமா என்று நினைத்துப் பார்த்தாள். கருகிய பலகை விளிம்பு கண்முன் வந்தது. முடியாது, எழுதியே இருப்பாள். இன்னொரு தடவை நடந்தாலும் எழுதுவாள். அப்படித் தெளிவாகத் தெரிந்ததால் மனசு லேசாகிவிடவில்லை. முதல் செங்கல்லை வைப்பதற்கு முன் அந்தப் பக்கம் காது கொடுத்தாள். குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். நாலு செங்கல்லையும் வைத்து, இடுக்குகளில் சாந்தை அழுத்தி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தாள். ஓவனுக்கும் பிரையனிக்கும் படம் எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

பத்து நாள் கழித்து, ஹாலிஃபாக்ஸில் வேனுக்குள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான் ஹெட்லி. தாள்ல உன் நம்பர் இருந்துச்சு. ஒரு சந்தேகம், கேக்கலாமா?"

"கேளுங்க."

"இவ வீட்ல சீலிங் முழுக்க விளக்கு. விமான நிலையம் மாதிரி இருக்கு. நான் எண்ணிட்டேன், இருபத்தாறு. மேல பஞ்சு இருக்கான்னு கேட்டா தெரியாதுங்கறா. ராத்திரி படுத்தா எனக்கு அதே நினைப்பா இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்," என்றாள் லோர்னா, நாட்குறிப்பைப் பார்க்காமலேயே.

மலைச்சாலை வழியாக ஒன்றரை மணி நேரம். புதிதாகக் கட்டிய பெரிய வீடு. அண்ணன் மகளின் பெயர் ரோஸலிண்ட். நல்லவள்தான், பள்ளிக்கூடத்தில் வேலை, கையில் எப்போதும் எதையாவது துடைக்க ஒரு துணி. லோர்னாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். லோர்னா மேலே போய்ப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. விளக்குகள் நெருப்பு தாங்குபவை, ஒவ்வொன்றுக்கும் மூடி, ஒயர்கள் கட்டையோடு நேர்க்கோட்டில். யாரோ மனசு வைத்துச் செய்த வேலை. பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டாள்.

"எல்லாம் சரியா இருக்குங்க. பயப்படாம தூங்குங்க."

"ஒண்ணுகூடக் கோளாறு இல்லையா?" ஹெட்லியின் முகம் விழுந்துபோனது போலிருந்தது.

"ஒண்ணுகூட இல்ல."

மூவரும் உட்கார்ந்தார்கள். கேக் வந்தது. லோர்னாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒயர் இல்லை, ஏணி இல்லை, பிடிக்கச் சொல்லவும் இழுக்கச் சொல்லவும் எதுவுமில்லை. ஹெட்லி ஒரு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார். தலைமுடியை வெட்டிவிட்டிருந்தார்கள். ரோஸலிண்ட் சித்தப்பாவின் மாத்திரைகளைப் பற்றி, பகலில் முதியவர்கள் கூடுமிடத்துக்கு அவரை அனுப்பப்போவதைப் பற்றிப் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தது ரோஸலிண்டா, தானா என்று லோர்னாவுக்கே நிச்சயமில்லை. எழுந்தாள்.

ஹெட்லி வீட்டுச் செருப்போடு வாசல்வரை வந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது. வேனின் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"நிரப்பிக்கறேன்."

"இருட்டறதுக்குள்ள மலையைத் தாண்டிடு. போய்ச் சேர்ந்ததும் மூணு ரிங் விட்டு வச்சிடு. நான் எடுக்க மாட்டேன். எடுத்தா உனக்குக் காசு போகும்."

"இப்பல்லாம் காசு போகாதுங்க."

"போனாலும் போகலைன்னாலும் மூணு ரிங்தான். அதுதான் கணக்கு."

உள்ளேயிருந்து "சித்தப்பா, நனையறீங்க!" என்று கூப்பிட்டாள் ரோஸலிண்ட். அவர் கையைக் கூடத் தூக்காமல் திரும்பிப் போனார்.

டாட்மர்டனுக்கு வந்தபோது மணி ஐந்து. வீட்டுக்குள் குளிர் உறைந்திருந்தது. கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சொன்ன மாதிரியே அவர் எடுக்கவில்லை. லோர்னா போனை மேசையில் வைத்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு மிதோம்ராய்டில் ஒரு வீடு. குளியலறையில் நாலு விளக்கு. சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்று செய்தி வந்திருந்தது.